எதிர்க்கட்சிக்காரர் மனச்சாட்சிப்படி கை உயர்த்தினால் பேனர் கட்டலாமா?

கேள்வி இது: "எங்கட பிரதேச சபையில பொதுச்சந்தைக் குத்தகையை இன்னொரு வருசத்துக்கு பழைய ஆளுக்கே நீடிக்கிறதா, இல்ல பகிரங்கமா கேள்வி (விலைமனு) கோருறதா எண்டு வாக்கெடுப்பு வந்தது. எதிர்த்தரப்பு உறுப்பினர் ஒராள் அவர்ட கட்சி சொன்னதுக்கு மாறா, கேள்வி கோரத்தான் வேணும் எண்டு எங்களோட கை உயர்த்தினார். ஒரு வாக்கால எங்கட பிரேரணை வெண்டது. அவருக்கு நன்றி சொல்லி பேனர் அடிச்சு வச்சிருக்கம், இன்னும் கட்டல்ல. சந்தியில மாலை போட்டு, நம்மட கட்சிக்கும் கூப்பிடுவமா?" மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு வட்டாரத்தின் இளம் அமைப்பாளர் கேட்டிருக்கிறார்.

தம்பி, பேனரைக் கட்டாதீர்கள். மாலையும் வேண்டாம். கட்சிக்குக் கூப்பிடுவது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். அவர் செய்தது நல்ல காரியம். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தப் பேனர் சந்தியில் ஏறிய அன்றே, அவரை வெளியே போட அவருடைய கட்சிக்காரர் தேடிக்கொண்டிருக்கும் ஆதாரத்தை நீங்களே படம்பிடித்துக் கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் அவருடைய கதிரை எதில் நிற்கிறது என்று பாருங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் விருப்பு வாக்கு கிடையாது. வாக்காளர் போடுவது ஒரே ஒரு புள்ளடி, அதுவும் கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோதான். 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்ற இப்போதைய முறையில், வட்டாரத்தில் வென்றவரும் சரி, பட்டியலில் வந்தவரும் சரி, கட்சியின் பெயரில்தான் சபைக்குள் இருக்கிறார். உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டத்தின் 10அ பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: ஒருவர் விலகியோ, விலக்கப்பட்டோ, வேறு விதமாகவோ கட்சி உறுப்புரிமையை இழந்துவிட்டார் என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் திருப்திப்பட்டால், அவருடைய ஆசனம் வெறிதாகிவிட்டது என்று வர்த்தமானியில் போடலாம். அந்த இடத்துக்கு வரப்போகிறவரைக் கட்சிச் செயலாளர் பெயர் குறிப்பிடுவார். இடைத்தேர்தல் இல்லை, ஊராரிடம் திரும்பக் கேட்பதும் இல்லை.

ஆக அவர் கட்சிக்கு வேண்டியது ஒன்றுதான்: "இவர் எங்கள் கட்சியை விட்டு மற்றப் பக்கம் போய்விட்டார்" என்று காட்ட ஒரு ஆதாரம். சபையில் ஒரு விடயத்தில் மாறி வாக்களித்தது மட்டும் என்றால், "என் கட்சிக் கொள்கைக்குள் நின்றுதான் வாக்களித்தேன், ஊழலுக்கு எதிராகப் பேசச் சொல்லித்தான் எங்கள் விஞ்ஞாபனமே" என்று அவர் வாதாடலாம். உங்கள் கட்சிக் கொடிக்குக் கீழே மாலையோடு நிற்கும் படம் வந்தபிறகு அந்த வாதம் எடுபடாது.

நாடாளுமன்றத்தில் இதே கதை அரசியலமைப்பின் 99(13) உறுப்புரையின் கீழ் நடக்கிறது. கட்சி விலக்கினால் ஒரு மாதம் முடிய ஆசனம் போகும். அந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டு, விலக்கியது செல்லாது என்று தீர்ப்பு வாங்கினால் தப்பலாம். உள்ளூராட்சி உறுப்பினருக்கு இந்த நேரடி வழி இல்லை. அவர் வேறு நீதிமன்றங்களில் தடையுத்தரவு கேட்டு அலைய வேண்டும், சட்டத்தரணிக் கட்டணம் தன் கையிலிருந்து போகும். சபை உறுப்பினரின் கொடுப்பனவு அதற்குக் கட்டுப்படியாகாது.

நம் மாவட்டத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. 2020இல் ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் பட்டியலில் மட்டக்களப்பில் தெரிவான நஸீர் அஹமட், 2021 நவம்பரில் வந்த பாதீட்டுக்குக் கட்சித் தீர்மானத்தை மீறி ஆதரவாக வாக்களித்தார். 2022இல் அமைச்சரானார். கட்சி அவரை விலக்கியது. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த விலக்கல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆசனம் அலி ஸாஹிர் மௌலானாவுக்குப் போனது. நஸீர் வாக்களித்தது சரியா பிழையா என்பது வேறு விவாதம். கட்சித் தீர்மானத்தை மீறினால் கதிரை உண்மையாகவே போகும், அது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று பழையது. 1991இல் ஜனாதிபதி பிரேமதாசவுக்கு எதிரான குற்றப்பிரேரணையில் கையெழுத்திட்ட லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க உள்ளிட்டோரை ஐக்கிய தேசியக் கட்சி விலக்கியது. அந்த விலக்கலையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. உள்ளுக்குள் பேசவேண்டியதைக் கட்சிக்குள் பேசாமல் இரகசியமாக வைத்திருந்தது அவர்களுக்குப் பாதகமாயிற்று. இதில் உங்களுக்கு வேண்டிய பாடம்: அவர் தன் கட்சிக் கூட்டத்தில் முதலே "இந்தக் குத்தகை நீடிப்பு சரியில்லை" என்று சொல்லியிருந்தால், அதுதான் பிறகு அவருக்குக் கவசம். உங்களோடு முதலே பேசி வைத்திருந்தார் என்று ஒரு கதை கிளம்பினால் அந்தக் கவசம் ஓட்டையாகிவிடும். "நாங்கதான் அவரைப் பேசி எடுத்தது" என்று உங்கள் பையன்கள் தேத்தண்ணிக் கடையில் பெருமை அடிப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் பொய்யாகவும் இருக்கும்.

சரி, அவர் உண்மையிலேயே கொள்கைக்காகத்தான் வாக்களித்தாரா? இதைக் கேட்காமல் மதிப்பு கொடுக்க ஓடக்கூடாது. கட்சியை மீறுகிறவர் எல்லாரும் நேர்மையானவர் இல்லை. விலை பேசிக்கொண்டு மீறுகிறவர்களும் உண்டு. நான் பார்ப்பது இவற்றை. காரணத்தை வாக்கெடுப்புக்கு முன்னே சொன்னாரா, பிறகு சொன்னாரா? முன்னே, எல்லாருக்கும் கேட்கச் சொன்னவர் ஓரளவு நம்பத் தகுந்தவர். இதே விடயத்தில் இதற்கு முந்திய கூட்டங்களில் என்ன பேசினார்? கூட்டறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். சபைச் செயலாளரிடம் கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். அடுத்து, புதிதாகக் கேள்வி கோரும்போது அவருடைய மைத்துனரோ கூட்டாளியோ விலைமனுப் போடுகிறாரா? போட்டால் கொள்கைப் பேச்சை அங்கேயே மூடிவையுங்கள். கடைசியாக, ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அந்த வாக்கால் அவருக்குக் கிடைத்தது என்ன, போனது என்ன?

இந்தக் கடைசிக் கேள்வி எப்போதும் ஒரே பதிலைத் தராது. 1964 டிசம்பர் 3ஆம் திகதி சி. பி. டி சில்வா 13 பேரோடு ஆளுந்தரப்பை விட்டு எழுந்து போனார். ஸ்ரீமாவோ அரசு ஒரே ஒரு வாக்கால் தோற்றது. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு ஆபத்து என்பது சொன்ன காரணம். அடுத்த ஆண்டு வந்த டட்லி அரசில் அவர் அமைச்சர். கொள்கையா பதவியா என்று இன்றைக்கும் இரண்டு விதமாகப் பேசலாம். 1956 தொடக்கம் மட்டக்களப்பின் தமிழரசுக் குரலாக இருந்த செ. இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் பிரதேச அபிவிருத்தி அமைச்சரானதையும் இங்கே ஊருக்கு ஊர் வேறு வேறு மாதிரித்தான் சொல்வார்கள். பதவி கிடைத்தது என்பதாலேயே கொள்கை இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பதவி கிடைக்காமல் போனவர், இருந்ததையும் இழந்தவர் விடயத்தில் அந்தச் சந்தேகமே எழுவதில்லை. உங்களோடு கை உயர்த்திய உறுப்பினர் இரண்டாவது வகை என்றுதான் தெரிகிறது. அவரை முதல் வகைக்குள் தள்ளிவிடுவது உங்கள் பேனராகத்தான் இருக்கும்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம்.

அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் முதல் வேலை, கடந்த கூட்டறிக்கையை உறுதிப்படுத்துவது. பல உறுப்பினர்கள் அந்த நேரத்தில் கடலையும் தேத்தண்ணியுமாகக் கதைத்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் உறுப்பினர் அதைக் கவனமாக வாசிக்கட்டும். அறிக்கையில் "ஒரு மேலதிக வாக்கால் நிறைவேற்றப்பட்டது" என்று மட்டும் இருக்கும். அந்த எதிர்த்தரப்பு உறுப்பினர் சொன்ன காரணம் விடுபட்டிருக்கும். இது வழக்கமாக நடக்கிற கூத்து. கை உயர்த்தியது மட்டும் பதிவானால் அது கட்சி தாவல் போலத் தெரியும். "குத்தகை நீடிப்பால் சபைக்கு வருமானம் குறையும், பகிரங்கக் கேள்விதான் முறை" என்று அவர் சொன்னதும் சேர்ந்து பதிவானால் அது கொள்கை நிலைப்பாடாகத் தெரியும். உறுதிப்படுத்தும் நேரத்தில் திருத்தம் கேட்கலாம். அதை அவரே கேட்பதுதான் நல்லது; அவர் கேட்டால் உங்கள் ஆட்கள் ஆமோதிக்கட்டும். அவர் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள், அவருக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

நன்றி சொல்லவேண்டும் என்றால் சபைக்குள், ஒரே ஒரு வசனத்தில், ஆளுக்கு அல்ல, அவர் சொன்ன காரணத்துக்குச் சொல்லுங்கள். இப்படி: "கௌரவ உறுப்பினர் குத்தகை வருமானம் பற்றிச் சொன்ன விளக்கம் இந்தச் சபை முடிவெடுக்க உதவியது." அவ்வளவுதான். "கட்சி பேதம் பாராமல்", "துணிச்சலோடு தன் கட்சியை எதிர்த்து" என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. அவர் கட்சியை எதிர்த்தார் என்று நீங்கள் சபையில் சொன்னால், அந்த வரி கூட்டறிக்கையில் ஏறி, அதன் உறுதிப்படுத்திய பிரதி ஒழுக்காற்று விசாரணை மேசைக்குப் போகும்.

வெற்றியையும் சபையின் பெயரில் வையுங்கள். "எங்கட கட்சி சாதித்தது" என்று முகநூலில் போட்டால் அவர் உங்களுக்கு உதவியவர் ஆகிவிடுவார். "சந்தைக் குத்தகைக்குப் பகிரங்கக் கேள்வி கோர சபை தீர்மானித்தது" என்று போட்டால் அவர் சபைக்கு உதவியவர். இந்தச் சின்ன வித்தியாசம் உங்கள் ஊடகப் பையன்களுக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் பேச்சில் நாற்பது விநாடியை வெட்டி, பின்னால் பாட்டுப் போட்டு விடுவதும் வேண்டாம். போடுவதென்றால் முழுப் பேச்சையும் போடுங்கள். அதில் அவர் உங்கள் கட்சியைத் திட்டிய பகுதியும் இருக்கும், இருக்கட்டும். அது அவருக்கு நல்லது.

அவர் வட்டாரத்துக்கு ஒரு கொங்கிரீட் வீதியோ வீதி விளக்கோ கேட்டுப் பிரேரணை கொண்டுவந்தால், நியாயமானதென்றால் ஆதரியுங்கள். இது நன்றிக்கடன் இல்லை. நேற்று அவர் உங்கள் நல்ல பிரேரணையைப் பார்த்த கண்ணால் நீங்களும் அவருடையதைப் பார்ப்பது. ஆனால் உடனே ஒரு குழுவில் தலைமை கொடுப்பது, ஒப்பந்தம் ஒன்றில் பரிந்துரை செய்வது, வெளியூர்ப் பயிற்சிக்குப் பெயர் போடுவது இதெல்லாம் கூடாது. நீங்கள் மதிப்பு என்று நினைத்துக் கொடுப்பதை ஊர் கூலி என்று வாசிக்கும்.

அவரை எதிர்க்கவும் செய்யுங்கள். இது பலருக்கு விளங்குவதில்லை. டிசம்பரில் பாதீடு வரும்; அவர் தன் கட்சியோடு நின்று எதிராக வாக்களிக்கலாம். ஒரு தடவை நம்மோடு நின்றவர் எப்போதும் நிற்பார் என்று தவிசாளர் கணக்குப் போட்டால், பாதீடு தோற்று இரண்டாம் தடவை கொண்டுவரவேண்டிய நிலை வரும். அப்போது "இவரும் கழுத்தறுத்துட்டார் கா" என்று கத்துவதில் நியாயமில்லை. அவர் உங்களுக்கு எதையும் வாக்குக் கொடுக்கவில்லை. கொள்கைக்காரரை மதிப்பது என்றால், அடுத்த தடவை அவர் கொள்கை உங்களுக்கு எதிராக விழும்போதும் முகம் கொடுத்துப் பேசுவது.

வாக்கெடுப்பு இரகசியமாக நடந்திருந்தால் விதி இன்னும் கடுமை. தவிசாளர் தெரிவில் எந்தத் தரப்புக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாதபோது, பகிரங்கமா இரகசியமா என்று முதலில் உறுப்பினர்களே தீர்மானிக்கிறார்கள். சமமாக வந்தால் திருவுளச்சீட்டு. இரகசிய வாக்கில் "அந்தப் பக்கத்திலிருந்து ஒராள் நமக்குப் போட்டிருக்கார்" என்று ஊகித்து, கண்ணடித்து நன்றி சொல்வது அந்த ஆளையும், போடாத நாலு பேரையும் சேர்த்துச் சந்தேகத்தில் தள்ளும். எவர் என்று தெரிந்தாலும் தெரியாதது போல இருங்கள்.

நமது பக்கத்தில் இன்னொரு சிக்கல். எதிர்க்கட்சிக்காரர் என்பவர் பல வேளை மச்சானாக, ஒரே குடியை (தாய்வழிக் குலத்தை)ச் சேர்ந்தவராக, ஒரே கோயில் வண்ணக்கராக (நிர்வாகியாக) இருப்பார். அதனால் அழுத்தமும் அந்த வழியாலேயே வரும்: மாமாவைப் பிடித்துச் சொல்லுவது, கோயில் கூட்டத்தில் குத்திக் கதைப்பது, பள்ளிவாசல் நிர்வாகத்தில் முறையிடுவது. நீங்களும் அதே வழியால் "நம்ம பக்கம் வரச் சொல்லுங்க" என்று ஆள் அனுப்பாதீர்கள். அவர் வீட்டு நன்மை தீமைக்கு வழக்கம்போலப் போங்கள், வழக்கத்தைவிட நாலு பேரைக் கூடுதலாகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

அவர் கட்சி அவரிடம் விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பினால் செய்தியாளர்கள் முதலில் உங்களுக்குத்தான் எடுப்பார்கள். "அது அவர்கள் கட்சியின் உள்விடயம்" என்பது போதும். அந்தக் கட்சியை நையாண்டி செய்யவும் வேண்டாம். அவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு: ஊரார் புள்ளடி போட்டது சின்னத்துக்கு, அந்தச் சின்னத்தில் வந்தவர் தனக்குத் தோன்றியபடி எல்லா நாளும் நடந்தால் எந்தச் சபையும் நடக்காது. ஒரு விடயத்தில் மீறுவதும் தினமும் மீறுவதும் ஒன்றில்லை. உங்கள் கட்சியிலும் நாளைக்கு ஒராள் இப்படிக் கை உயர்த்துவார். அன்றைக்கு நீங்கள் எழுதப்போகும் கடிதம் எப்படி இருக்கும் என்று இன்றைக்கே ஒருக்கா யோசித்து வையுங்கள்.

உங்கள் ஆட்கள் அவரைப் புகழ்வதைவிட, அவர் கட்சி ஆட்கள் அவரைத் திட்டப் பாவிக்கப்போகும் ஒரு சொல்தான் எனக்குக் கவலை. "துரோகி." இந்த மண்ணில் அது வெறும் வசவு இல்லை. ஒரு காலத்தில் அந்தச் சொல் ஒட்டப்பட்டவர்கள் எத்தனை பேர் வீட்டு வாசலில் விழுந்தார்கள் என்று நாற்பது வயது தாண்டியவர் எல்லாருக்கும் தெரியும். அவருக்கு எதிராக அந்தச் சொல் முகநூலில் வந்தால், அவர் வாக்கைப் பற்றி ஒன்றும் பேசாமல், அந்தச் சொல்லை மட்டும் உங்கள் பக்கத்து மூத்தவர் ஒருவர் பெயரோடு கண்டிக்கட்டும். உங்கள் பக்கத்திலிருந்து பகிரங்கமாக வரவேண்டிய ஒரே பேச்சு அதுதான். நாளைக்கு உங்கள் கட்சியை மீறுகிறவருக்கும் நீங்கள் அதே சொல்லைப் பாவிக்கக்கூடாது என்பதையும் அதோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிறீர்கள்.

கட்சித் தலைமையை மீறுவதே குற்றம் என்று நினைக்கிற தமிழரசுக்காரர் எவராவது உங்களிடம் வாதாட வந்தால், அவர்கள் கட்சி பிறந்த கதையைக் கேளுங்கள். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் டி. எஸ். சேனநாயக்க அரசில் சேர்ந்தார். மலையக மக்களின் குடியுரிமை பறிபோன நேரம் அது. அதை ஏற்காமல் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறிய செல்வநாயகம், வன்னியசிங்கம், நாகநாதன் ஆகியோர்தான் 1949 டிசம்பர் 18ஆம் திகதி தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். தலைவரை மீறியவர்கள் தொடங்கிய கட்சிதான் 2024இல் மட்டக்களப்பின் ஐந்து ஆசனங்களில் மூன்றை எடுத்தது.

கட்சிக்குக் கூப்பிடுவது பற்றி: இந்தப் பதவிக்காலம் முடியும்வரை கூப்பிடாதீர்கள். அடுத்த வேட்புமனு நேரம் வந்து, அவராக வந்து கேட்டால், மற்ற எவரையும் போல நேர்முகத்தில் உட்கார வையுங்கள். அதற்கு முன்னே கூப்பிட்டு அவர் வந்துவிட்டால், உங்களுக்கு ஒரு உறுப்பினர் கூடப்போவதில்லை. 10அ பிரிவு அவரை வெளியே எடுத்து, அவர் கட்சிக்குச் சொல் கேட்கிற வேறு ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைக்கும். ஒரு வாக்கால் வென்ற நீங்கள் அடுத்த தடவை ஒரு வாக்கால் தோற்பீர்கள்.

அடித்து வைத்த பேனரை என்ன செய்வது என்று கேட்பீர்கள். கொடுத்த காசு போனதுதான். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். வெட்டு முடிந்ததும் முற்றத்தில் விரித்து நெல் காயப்போடலாம். அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும்.